இரு முனைகளிலும் மின்னழுத்தம்

துடியலூரில் நான் வேலை பார்த்த பேனல் தொழிற்சாலையில் எவரும் எவரையும் பார்த்துத் 'தவறு' என்று சொன்னதில்லை. அதைப் பண்பாடு என்று கருதினோம். மாறுபட்ட கருத்து இருந்தால் 'ஒருக்கா பாத்துக்கலாமுங்க' என்போம். அப்படிச் சொன்ன பிறகு எவரும் எதையும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

பெரிய மோட்டார்களை இயக்கும் பேனல்களே எங்கள் சரக்கு. அவற்றின் உள்ளே மின்சாரத்தைச் சுமந்து செல்லும் செம்புப் பட்டைகள் எவ்வளவு சூடாகும் என்பதைக் கணினியில் கணித்துச் சொல்வது என் பணி. மென்பொருளுக்குப் பட்டையின் உருவம் மட்டும் போதாது. அதன் இரு முனைகளிலும் என்ன நிகழ்கிறது என்பதையும் நாம்தான் சொல்ல வேண்டும். ஒரு முனையில் இவ்வளவு ஆம்பியர் நுழைகிறது என்பேன். மறுமுனையில் மின்னழுத்தம் சுழி என்பேன். நான் சொல்வது மெய்யா பொய்யா என்று அது கேட்பதில்லை. பொய்யைக் கொடுத்தாலும் அதே அக்கறையோடு கணக்கிட்டு, அதே வண்ணங்களில் படம் வரைந்து தரும்.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னை நார் மில் நடத்திவந்த ஓர் அம்மையாருக்காக ஒரு பேனல் தயாராயிற்று. அவருடைய மோட்டார் நூற்றைம்பது ஆம்பியர் இழுக்கும். எங்கள் வடிவமைப்புத் தலைவருக்கோ செம்பைச் சிக்கனம் செய்து முதலாளியிடம் பெயர் வாங்கும் தாகம். பட்டையின் பருமனைப் பாதியாக்கச் சொன்னார். ஆக்கினேன். படம் முழுதும் சிவந்தது.

"என்னங்க, மொளகாப்பழமாட்ட இருக்குது?" என்றார்.

"மெலிஞ்சா சூடாகுமுங்க சார்."

"நவுருங்க, நான் பாக்கறேன்" என்று என் நாற்காலியில் உட்கார்ந்தார். நூற்றைம்பது ஆம்பியரை அழித்தார். தடித்த பட்டையின் இரு முனைகளுக்கும் இடையே முன்பு கிடைத்திருந்த மின்னழுத்த வேறுபாட்டை எடுத்து, மெலிந்த பட்டையின் முனைகளில் அப்படியே பொருத்தினார். படம் பச்சையாயிற்று. தடித்த பட்டையைக் காட்டிலும் மெலிந்ததே குளிர்ச்சி!

அந்த விந்தையின் காரணம் பள்ளிக்கூடப் பாடம். மின்னழுத்தத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் பட்டையை மெலிய வைத்தால் தடை கூடும், மின்னோட்டம் குறையும், சூடும் குறையும். இந்தக் கணக்கின்படி தலைமயிர் அளவு கம்பியே உலகின் மிகக் குளிர்ந்த பட்டை. ஆனால் மில்லில் எவ்வளவு மின்னோட்டம் ஓடவேண்டும் என்பதை முடிவு செய்வது மோட்டார். பட்டை மெலிந்துவிட்டதே என்று இரக்கப்பட்டு அது குறைவாக இழுக்கப் போவதில்லை. இதை அறியாதவர் எங்கள் தலைவர் என்று நான் சொல்லமாட்டேன். அறிந்திருந்தார், பச்சை நிறம் அவருக்கு அதைவிட இனித்தது. அறியாமையை மன்னிக்கலாம், இதற்கு என்னிடம் அருவருப்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

இந்த மில்லில் அது வெறும் கணக்குப் பிழையாக நின்றுவிடாது. நார் மில்லின் காற்றிலேயே தூசு மிதக்கும், பேனலுக்குள்ளும் படியும். சூடேறிய பட்டையின்மேல் அந்தத் தூசு விழுந்தால் பற்றிக்கொள்ளும். அருகில் நார்க் குவியல். நடுவே வேலை செய்யும் பெண்கள். இவ்வளவும் என் மனத்தில் ஓடியது. நான் சொன்னதோ, "ஒருக்கா பாத்துக்கலாமுங்க சார்." அந்தப் பச்சைப் படத்தை வைத்துத் தயாரித்த அறிக்கையில் கையெழுத்திட்டேன். தலைவர்மேல் கொண்ட அருவருப்பில் பெரும்பங்கு எனக்கே உரியது.

பேனலை அனுப்பும் முன் வாங்குபவர் முன்னிலையில் சோதிப்பது வழக்கம். அம்மையார் காலையிலேயே வந்துவிட்டார். சோதனைக் கருவியின் குமிழைத் திருகி நூற்றைம்பது ஆம்பியரைச் செலுத்தினோம். சற்று நேரத்தில் பட்டைமேல் போர்த்தியிருந்த மஞ்சள் உறை சுருண்டது, நெடி பரவியது. அருகிலிருந்தவர்கள் மரியாதையாக இருமினார்கள்.

அப்போது தலைவர் செய்ததை எண்ணினால் இன்றும் எனக்குக் கூசுகிறது. முகத்தில் சிறு மாற்றமும் இல்லாமல், மின்னோட்டம் பச்சைப் படத்தில் கணினி காட்டிய அளவுக்கு, அதாவது பாதிக்கு, இறங்கும்வரை குமிழைத் திருகினார். உறை சுருள்வது நின்றது. "பாருங்க மேடம், சாஃப்ட்வேர் சொன்னதும் டெஸ்ட்டும் அப்பிடியே ஒத்துப்போகுதுங்க."

அம்மையார் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏனுங்க, இந்தத் திருகாணியையும் பேனலோட சேத்துக் குடுப்பீங்ளா?"

"இல்லைங்க மேடம், அது டெஸ்ட்டுக்கு மட்டும்..."

"என்ற மோட்டாருக்கு ஆரு திருகறது? மெஷின்ல தேங்கா மட்டை சிக்குனா அது இன்னுமல்லோ இழுக்கும்?"

தலைவர் அறிக்கையை நீட்டினார். அம்மையார் பச்சைப் படத்தைத் தள்ளிவிட்டு முதல் பக்கத்துக்கு வந்தார். "இந்தக் கையெழுத்து யாருதுங்க?"

"என்னுதுங்க" என்றேன்.

"இது சுடும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியுமுங்க."

"சொல்லலீங்களா?"

"பாத்துக்கலாமுன்னு சொன்னேனுங்க."

"எப்பப் பாப்பீங்க? என்ற மில்லு எரிஞ்சு போனதுக்கப்பறமா?"

பேனாவை எடுத்து என் கையெழுத்தை அடித்தேன். "எதுக்குங்க இப்பிடி, உக்காந்து பேசிக்கலாமுங்களே" என்று தலைவர் பதறினார்.

"சும்மா அடிச்சாப் பத்தாதுங்க" என்றார் அம்மையார். "எதுக்கு அடிச்சீங்கன்னு எழுதிப்போடுங்க."

முனைகளில் விதித்த நிபந்தனை தவறு என்று எழுதினேன். அந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லை நான் எழுதியது அன்றுதான் முதல்முறை; அதற்கும் உடுமலையிலிருந்து ஒருவர் வந்து அதட்ட வேண்டியிருந்தது. பிறகு மேசைக்குத் திரும்பி, தலைவர் பொருத்திய மின்னழுத்தத்தை நீக்கி, நூற்றைம்பது ஆம்பியரை உரிய இடத்தில் இட்டேன். படம் சிவந்தது. அதை அச்சிட்டு அம்மையார் கையில் கொடுத்தேன்.