தீர்த்தன் வைத்த சேனை

தீர்த்தன் பிறந்த அன்று அவன் நாக்கில் சேனை தொட்டு வைத்தவன் தாய்மாமன் சென்னப்பன். பச்சைக் குழந்தை முலைப்பால் குடிக்கும் முன்னே, பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரல் நுனியில் தொட்டு அதன் நாக்கில் தடவுவதுதான் சேனை. யார் விரலோ அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பதில் பென்னாகரத்துப் பக்கம் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சென்னப்பனோ விடிந்தால் பனைமரத்தடி, பொழுது சாய்ந்தால் ஈச்சமரத்தடி என்று கிடந்த ஆள். அதனால் தீர்த்தன் மீசை முளைத்ததும் கள்ளு மொந்தையைத் தூக்கியபோது அவன் ஆத்தா கூட அதிகம் திட்டவில்லை. "எங்கூடப் பொறந்தவன் வெச்ச சேனை, வேற எப்பிடி இருக்கும்?" என்று தலையில் ஒரு அடி அடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதே சேனைப் பேச்சு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழாம் வருசம் அவன் கழுத்துக்கே வந்து நின்றது. மகள் செல்லிக்கு ஏழாம் மாதம் வளையல் போட்டுத் தலைப் பிரசவத்துக்கு அழைத்துவரப் போனபோது, "எம் பேரப்புள்ளைக்கு நாந்தான் சேனை வெப்பன்" என்று தீர்த்தன் ஆசையாகச் சொன்னான். செல்லியின் மாமியார் ராமக்கா வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்:

"தப்பா நெனைக்காதீங்கண்ணா. கள்ளுக் குடிச்ச வெரலுன்னாக்கூட கழுவிட்டு வெக்கலாம். நீங்க வெள்ளக்காரன் சரக்குல்ல குடிக்கிறீங்க? அது எதுல கழுவுனா போவும்?"

சபையில் அப்படி வாங்கிக் கட்டிக்கொள்ளும் அளவுக்கு அவனுக்கு அந்தச் சரக்கு எப்படிப் பழக்கமாயிற்று என்பது ஒரு கூத்து.

முப்பத்தோராம் வருசம் தீர்த்தனுக்கு இருபத்தைந்து வயது. ஒரு ஜோடி மாடும் பாரவண்டியும் வைத்திருந்தான். தருமபுரி ரயிலடியில் வெள்ளைக்காரத் துரைகள் இறங்கினால் அவர்கள் பெட்டி படுக்கையை ஒகேனக்கல்லுக்கு ஏற்றிப் போவான். துரைகள் காவேரியில் தூண்டில் போட வருகிறவர்கள். அதில் ஒரு துரைக்குச் சவரிராயன் என்று ஒரு பட்லர். வாயைத் திறந்தால் நையாண்டி.

முதல் பயணத்தில் கோணிச் சாக்கில் வைக்கோல் சுற்றிய பாட்டில்கள் ஒரு டஜன் இருந்தன. சவரிராயன் அதை அப்படியே கயிறு கட்டி ஆற்றுத் தண்ணீரில் இறக்கிவிட்டான். சாயந்தரம் துரை குடித்து மீதி வைத்த பாட்டிலை, "இந்தா, வண்டிக்காரா" என்று நீட்டினான். நுரையைப் பார்த்ததும் தீர்த்தனுக்கு வாய் ஊறியது. புளித்த கள்ளின் நுரை அல்லவா? அண்ணாந்து ஒரு மடக்கு விட்டான்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேப்பம்பட்டையை இடித்துப் பிழிந்த மாதிரி ஒரு கசப்பு, அதன் மேல் முள்ளாகக் குத்தல். பாறையில் துப்பினான். துரை தன்னைக் கொல்லப் பார்க்கிறாரோ என்று கூட ஒரு நிமிசம் தோன்றிவிட்டது.

"யோவ், என்னாய்யா குடுத்த? கொயினாத் தண்ணியா?"

அந்தக் காட்டில் குளிர்காய்ச்சல் தேள் மாதிரி, யாரையும் விடாது. தபாலாபீசில் விற்கும் கொயினாப் பொட்டலத்தைக் கரைத்துக் குடிக்காத குடும்பம் இல்லை. சவரிராயன் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னான்: "ஆமா. சீமைக் கொயினா. தொரைங்களுக்குக் காச்ச வந்து பாத்திருக்கியா? இதுதான் காரணம். மூக்கப் புடிச்சிக்கிட்டு முழுங்குடா."

தீர்த்தன் நம்பிவிட்டான். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினான். காது லேசாக ரீங்காரமிட்டது. கொயினா சாப்பிட்டாலும் காது அப்படித்தான் பாடும். ஆகவே சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அன்று முதல் ஒவ்வொரு பயணத்திலும் துரை மீதி வைத்ததை மருந்தாக வாங்கிக் குடித்தான். முதல் வருசம் ஒரு துண்டு வெல்லம் கடித்துக்கொள்ளாமல் இறங்காது. இரண்டாம் வருசம் வெல்லம் தேவைப்படவில்லை. மூன்றாம் வருசம் வெல்லம் போட்டால் கெட்டுப்போகும் என்றான். அதற்குள் அவன் நாக்கு வேறு ஆள் நாக்காகிவிட்டது. கள்ளைக் குடித்தால் திகட்டியது. பாகற்காயைப் புளி போடாமல் வதக்கச் சொன்னான். நாலாம் வருசம் பாட்டிலில் முதல் பாதிக்கும் கடைசிப் பாதிக்கும் ருசி வேறு என்று கண்டுபிடித்தான். வெயில் பட்ட பாட்டிலையும் ஆற்றில் கிடந்த பாட்டிலையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துச் சொல்வான். ஆனால் யாரிடம் சொல்வது? ஊரில் கள்ளுப் பேச்சுக்கு ஆயிரம் பேர். இதைப் பற்றிப் பேச ஒரு நாதி இல்லை.

வீட்டுக்கும் ஒரு பாட்டில் மருந்து கொண்டுவந்து கேழ்வரகுக் குதிருக்குப் பின்னால் வைப்பான். மனைவி குள்ளம்மாளுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது இரண்டு மடக்கு ஊற்றினான். அவள் ஓடிப்போய் சாம்பல் குழியில் துப்பினாள்.

"தூ! எரும மூத்தரமாட்டம் இருக்குது. மனுசங் குடிக்கிறதாங்க இது?"

தீர்த்தன் சிரித்தான். அதற்கப்புறம் அவளை வற்புறுத்தவில்லை. குதிருக்குப் பின்னால் இருந்த பாட்டிலில் மட்டும் வாரத்துக்கு இரண்டு விரற்கடை குறையும். சீமைச் சரக்கு, மூடியைத் திறந்தால் காற்றாகப் போய்விடும் என்று சவரிராயன் சொல்லியிருந்தான். அதனால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முப்பத்தேழாம் வருசம் ஜில்லா முழுக்க மதுவிலக்கு வந்தது. தமுக்கடித்துக் கடைகளை மூடினார்கள். கள்ளு குடித்தவர்களெல்லாம் சாவு வீட்டில் உட்கார்ந்தமாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தீர்த்தன் மட்டும் மார்தட்டினான்: "எனக்கு எந்தப் பழக்கமும் இல்லீங்க. மருந்துதாங் குடிக்கிறன்."

அடுத்த பயணத்தில் சவரிராயன் சாக்கை அவசரமாகத் துணி போட்டு மூடினான். "மெதுவா ஓட்டு. போலீசு மறிச்சா தொரையோட பெர்மிட்டக் காட்டணும்."

"மருந்துக்கு எதுக்குய்யா பெர்மிட்டு?"

"மருந்தா? எது மருந்து?"

"இந்தக் கொயினா..."

சவரிராயன் வண்டியிலிருந்து விழுந்துவிடும் அளவுக்குச் சிரித்தான். "அட கிறுக்கா! ஆறு வருசமா நம்பிக்கிட்டா இருந்த? இது பீருடா! சாராயத்துக்குத் தம்பி!"

தீர்த்தன் மாட்டுக் கயிற்றை நழுவவிட்டான். மாடுகள் நின்றுவிட்டன. ஊரே மொந்தையைக் கீழே வைத்துவிட்டது. நாம் மட்டும் விசேசமாகக் குடித்துக்கொண்டிருக்கிறோம்! வேர்த்து நனைந்துபோனான். அன்று சாயந்தரம் பாட்டிலைத் தொடவில்லை. மறுநாள் தொட்டான். தெரிந்த பிறகு அதில் ஒரு பயம் கலந்திருந்தது. அந்தப் பயமும் நாக்குக்குப் பிடித்துப்போயிற்று.

உலகச் சண்டைக் காலத்தில் தூண்டில் துரைகள் வரவில்லை. தீர்த்தன் பெங்களூர்ப் பட்டாளக் கூடாரத்துக்குச் சாமான் வண்டி ஓட்டப் போனான். அங்கேதான் ஐஸ் கட்டியில் புதைத்த பீரைக் குடித்து, பல் கூசி, இத்தனை வருசம் சூடாறிய கஞ்சியை அல்லவா குடித்திருக்கிறோம் என்று தலையில் அடித்துக்கொண்டான். அங்கேதான் கறுப்புப் பீரையும் கண்டான். தீய்ந்த கேழ்வரகு ரொட்டியை மென்றமாதிரி ஒரு ருசி. ஊருக்கு வரும்போது அதில் ஒரு பாட்டில் துணி மூட்டைக்குள் வந்தது. நடுவில் கொஞ்ச காலம் ஜில்லாவில் கள்ளுக்கடையைத் திறந்தார்கள். பழைய கூட்டாளிகள் இழுத்துப் போனார்கள். ஒரு வாய் வைத்தவன் பானகம் குடித்த முகத்தோடு மொந்தையைக் கீழே வைத்தான். அவர்கள் அதிர்ந்துபோனார்கள். "பெரிய தொரை வந்துட்டாருடா" என்று அன்று வைத்த பேர்தான் சம்பந்தி வீடுவரை போயிற்று.

சண்டை முடிந்து, மறுபடி மதுவிலக்கு வந்து, துரை சீமைக்கே கிளம்பியபோது சவரிராயன் நாலு பாட்டில் கொடுத்தான். அதில் கடைசி ஒன்று குதிருக்குப் பின்னால் இருந்த சமயத்தில்தான் ராமக்கா சபையில் அப்படிக் கேட்டுவிட்டாள்.

தீர்த்தன் எழுந்து நின்றான். "இன்னியோட வுட்டுட்டன் தங்கச்சி. தீர்த்தமல சாமி பேரக் கொண்டவன் நானு. அவுரு மேல ஆணை. புள்ள பொறக்கறதுக்குள்ள ஒரு சொட்டு நாக்குல பட்டா, நீங்க என் வூட்டு வாசலையே மிதிக்க வேணாம்."

"மாறுனா சேனை மட்டுமில்லீங்கண்ணா, புள்ளையும் தாயும் எங்கூட வந்துருவாங்க. அப்பறம் இந்தப் பக்கம் வர மாட்டாங்க."

"செரி."

வீட்டுக்கு வந்ததும் கடைசிப் பாட்டிலை எடுத்தான். குள்ளம்மாள் வாங்கிக்கொண்டாள். "குடுங்க, நான் கொட்டிக்கறன். நீங்க கொட்டுனா மனசு கேக்காது." கொல்லைப்பக்கம் போய்க் காலி பாட்டிலோடு வந்தாள்.

மூன்று மாதம் அவன் வேப்பங்குச்சியை மென்றே ஓட்டினான். தொடவில்லை.

ஆனி மாதம் ஒரு காலையில் செல்லிக்கு ஆண் பிள்ளை பிறந்தது. இரண்டு நாள் முன்பே வந்து உட்கார்ந்திருந்த ராமக்கா பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். தீர்த்தன் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி வந்தான். வத்தல்மலைக்காரன் ஒருவனிடம் குள்ளம்மாள் வாங்கிய புதுத் தேன், சட்டிக்குள் தயாராக இருந்தது. நல்லதா என்று விரலால் தொட்டு நக்கிப் பார்த்தான். தித்திப்பு. விரலைக் கழுவி, மறுபடி தேனைத் தொட்டுப் பேரனின் நாக்கில் வைத்தான். அவன் கண் நிறைந்துவிட்டது.

பிள்ளையின் முகம் கோணிற்று. நெற்றி சுருங்கி, உதடு பிதுங்கி, வீல் என்று கத்தியது. ராமக்காவுக்குச் சந்தேகம். சட்டியில் விரல் விட்டு நாக்கில் வைத்தாள்.

"ஐயையோ! கசக்குதே!"

தீர்த்தன் சட்டியை எட்டிப் பார்த்தான். "இல்லீங்க தங்கச்சி, நாம் பாத்தன். தித்திப்பாத்தான் இருந்திச்சி!"

"எதுல இருந்து ஊத்துனீங்க?"

குள்ளம்மாள் சுவரோரம் கை காட்டினாள். பச்சை பாட்டில். பீர் பாட்டில். காலி பாட்டிலைக் கொடுத்துத்தான் அவள் தேன் பிடித்துவரச் சொல்லியிருந்தாள்.

"அதான பாத்தன்! சீமைச் சரக்கக் கலந்து புள்ள வாயில வெச்சுட்டீங்களே! ஆணையெல்லாம் வெறும் பேச்சா? செல்லி, எந்திரி. வண்டியப் பூட்டச் சொல்றன்."

பாயில் கிடந்த செல்லி அழ ஆரம்பித்தாள். தீர்த்தன் பாட்டிலையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். கசப்பு என்று ராமக்கா கத்தும் ஒன்று தன் நாக்குக்குத் தித்திக்கிறதே! பதினாறு வருசத்தில் தன் நாக்கு என்னவாகிவிட்டது என்று அவனுக்கே திகிலாக இருந்தது.

குள்ளம்மாள் சட்டியை எடுத்தாள். ஒரு சொட்டு நாக்கில் விட்டு, வாயை மூடி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இது பீர் இல்லீங்க அண்ணி."

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பீரு மொதல்ல நாக்கு நுனியில குத்தும். அப்பறந்தாங் கசக்கும். கசந்துட்டு வாய் ஒலந்து போவும். இது எடுத்ததும் கசக்குது, அடியில தித்திக்குது. நாவமரம் பூத்த மாசத்துத் தேனு இப்பிடித்தான் இருக்கும். தொட்டுக்கிட்டு இருங்க, தித்திப்பு வரும்."

ராமக்கா தேனைத் தொடவில்லை, கண்ணை விரித்துக் குள்ளம்மாளையே பார்த்தாள். செல்லி அழுகையை நிறுத்திவிட்டாள். தீர்த்தனுக்கு இடி விழுந்தது போலிருந்தது.

"ஏய்... ஒனக்கெப்பிடிடீ தெரியும், குத்தறதும் ஒலர்றதும்?"

குள்ளம்மாள் முந்தானையை இழுத்து வாயை மூடினாள். பிறகு, போனது போகட்டும் என்பது போல எடுத்துவிட்டாள்.

"காச்ச மருந்துன்னுதானுங்க மொதல்ல தந்தீங்க? துப்புனன். அப்பறம் நீங்க இல்லாதப்போ, காச்ச வந்துருமோன்னு ஒரு மடக்கு. அப்பறம்... காச்ச இல்லாட்டியும்."

"வாரத்துக்கு ரெண்டு வெரக்கட கொறையுமே..."

"நாந்தான்."

"காத்தாப் போவுதுன்னு நெனச்சனேடீ!"

"நெனச்சுக்கட்டும்னு உட்டுட்டன்."

"கடைசி பாட்டிலு? கொட்டிட்டன்னு சொன்னியே?"

"கொட்டுனங்க. வாய்க்குள்ளாற."

ராமக்காவின் கன்னத்து வெற்றிலை கீழே விழுந்தது. அவள் தன்னையறியாமல் விரலை மறுபடி வாயில் வைத்துச் சப்பினாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்லச் சொன்னாள்: "ஆமாங்க... தித்திக்குது." பிறகு தீர்த்தனைப் பார்த்து, "நீங்க ஆணையக் காப்பாத்திட்டீங்கண்ணா. மத்தது ஒங்க வூட்டுச் சமாச்சாரம்" என்று பிள்ளையைச் செல்லியிடம் கொடுத்தாள். வண்டி பூட்டும் பேச்சு அதோடு போயிற்று. பிள்ளை அழுகையை விட்டு உதட்டை நக்கிக்கொண்டிருந்தது. ராமக்கா அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டாள்.

தீர்த்தன் மாட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்தான். குள்ளம்மாள் தவிட்டுக் கூடையோடு வந்தாள். பதினாறு வருசமாக இந்த ருசியைப் பேச ஓர் ஆள் கிடைக்காமல் அவன் தவித்திருக்கிறான்.

"குள்ளம்மா, எதுடீ நல்லாருந்திச்சி?"

அவள் தவிட்டைத் தொட்டியில் கொட்டிக் கிளறினாள். "பெங்களூர்ல இருந்து கொண்டாந்தீங்களே, கறுப்பு."

"தீஞ்ச ரொட்டியாட்டம்..."

"தீஞ்ச ரொட்டி இல்லீங்க. வறுத்த காப்பிக்கொட்ட."

தீர்த்தன் கண்ணை மூடி யோசித்தான். அவள் சொன்னதுதான் சரி.