ராத்தா விளையாடிய கழுதை விளையாட்டு

நான் செய்த புதுக் கணினி விளையாட்டு வெளியானதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கஷ்டம் என்று ஒருவர் எழுதுகிறார், சரியான லேசு என்று இன்னொருவர். ஃபோனை வைப்பதும் எடுப்பதுமாக நடக்கிறேன். அப்போதெல்லாம் என் முதல் ஆட்டக்காரியின் ஞாபகம் வருகிறது. அவள் என் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள்.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. கற்பிட்டிக் கடலோரத்தில், கண்டக்குழியில் இருந்தோம். அண்ணன், எங்கள் நானா, விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒரு விளையாட்டுச் செய்திருந்தேன். கற்பிட்டித் தெருக்களில் திரியும் கழுதைகளில் ஒன்று வேலி பாய்ந்து வெங்காயம் திருட வேண்டும், தோட்டக்காரன் துரத்துவான். கழுதை வெங்காயம் தின்னுமா என்று நான் யோசிக்கவில்லை. கதையை மட்டும் நன்றாக யோசித்திருந்தேன். கடைசித் தோட்டத்தைத் தாண்டினால் பசியோடு காத்திருக்கும் குட்டியிடம் கழுதை போய்ச் சேரும். அந்த இடத்தில் எல்லோரும் அழுவார்கள் என்று நம்பினேன். வீட்டில் ஒருவரும் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கிழமை ஒரு நாள் ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், மீன்பிடிக்கப் போன போட் கரை திரும்பவில்லை. கூடப் போனவையெல்லாம் வந்துவிட்டன. காற்றும் அடங்கவில்லை. வாப்பா கரையிலேயே நின்றார். உம்மா அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து ஆறுதல் சொல்லத் தொடங்கியதும் ராத்தா எழுந்து என் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

“அந்தக் கழுதய எனக்குத் தா, புள்ள.”

ஒரு கால் ஓயாமல் ஆட, விசைகளைக் குத்தினாள். கொஞ்ச நேரத்தில் பாதித் தோட்டங்களைத் தாண்டிவிட்டாள்.

“இது லேசு. இன்னும் கஷ்டமா செய்.”

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டக்காரனின் வேகத்தைக் கூட்டினேன். அதையும் தாண்டினாள்.

“நாய் ஒண்டு போடு.”

போட்டேன். “முடிவுதான் நல்லா இரிக்கும், ராத்தா,” என்றேன்.

“இப்ப முடிய வாணாம். நீட்டு.”

அன்று முழுக்க வேலிகளை நீட்டிக்கொண்டேயிருந்தேன். மத்தியானம் லுஹர் தொழுதுவிட்டு, முஸல்லாப் பாயை மடிக்காமலே அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். இப்படியொரு ரசிகை எனக்குப் பிறகும் கிடைத்ததில்லை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாசலில் வாப்பாவின் சத்தம் கேட்டது.

“போட்ட இழுத்துட்டு வாராங்க! எஞ்சின்தான் பழுது. எல்லாரும் சுகம்!”

ராத்தா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். கடைசித் தோட்டத்தின் நடுவில் தனியாக நின்ற கழுதையை நாய் வந்து கடித்தது.

மாலையில் மச்சான், வெயிலில் வெடித்த உதடுகளோடு, சோறு சாப்பிட்டார். ராத்தா பக்கத்தில் இருந்து அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் லேப்டாப்பை அவள் முன்னால் நீட்டினேன்.

“ராத்தா, குட்டிய நீ பாக்கல்லயே?”

“எந்தக் குட்டி?” என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மச்சான் உயிரோடு வந்த சந்தோசத்தில் அழுகிறேன் என்று நினைத்து உம்மா என்னைக் கட்டிக்கொண்டார்.

மறுநாள் நாயை எடுத்துவிட்டேன். தோட்டக்காரனை மெதுவாக நடக்கவிட்டேன். அளவுக்கு மிஞ்சிக் கஷ்டமாக்கியதால்தான் ராத்தா பாதியில் எழுந்து போனாள் என்று உறுதியாக நம்பினேன்.