தைலப் பாட்டிலில் ஆறு பல்சக்கரங்கள்

லூர்துசாமி அண்ணன் போய்விட்டார் என்று போன் வந்தபோது நான் வில்லியனூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். முதலில் மனசில் வந்தது அவர் முகமல்ல, அவர் மேசையில் பிரித்துப் போட்டிருந்த என் கிட்டார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரிடம் கிட்டாரைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்துக் கிடந்த உங்களில் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டீர்கள்.

அது என் அப்பா வாசித்த பழைய ஹவாயன் கிட்டார். மடியில் படுக்க வைத்து, கம்பிகள் மேல் இரும்புத் துண்டை நகர்த்தி வாசிப்பது. சர்ச் பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பிறகு நான் வாசிக்கிறேன். கம்பியை முறுக்கும் சாவிகளின் பல்சக்கரங்கள் தேய்ந்துபோய், பாதிப் பாட்டில் சுருதி இறங்கிவிடும். புதுச் சாவி வாங்கிப் போட்டால் அரை மணி நேர வேலை. அண்ணன் சம்மதித்தால்தானே? "பல்லு தேஞ்சா பல்லதான் பாக்கணும். வாயவே மாத்துவாங்களா?" என்றார். கம்பெனி லேத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, திருபுவனை வீட்டில் பித்தளையை அரத்தால் ராவி ஒவ்வொரு பல்லாக எடுப்பார். ஈஸ்டருக்கு முன்னால் தந்துவிடுவதாகச் சொன்னார். எந்த ஈஸ்டர் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

கொடுத்த அன்றைக்கே சண்டை. வாசித்துக் காட்டச் சொல்லி உட்கார வைத்தார். இரண்டு பாட்டு முடிவதற்குள், "நிறுத்து தங்கச்சி. மூணாவது கம்பிய இன்னாத்துக்கு நொய்நொய்னு முறுக்கினே இருக்க? இது தானா தேயல. நீ தேச்சிருக்க" என்றார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கிட்டாரைப் பழுது பார்க்கச் சொன்னால் மனுஷன் என்னைப் பழுது பார்க்கிறார். அதைவிட எரிச்சல், அவர் சொன்னது சரி என்பது.

அவருடைய பாட்டில்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கழற்றிய உதிரிகளைக் காலித் தைலப் பாட்டில்களில் போட்டுச் சீட்டு ஒட்டி வைப்பார். சீட்டில் சொந்தக்காரர் பெயர் இருக்காது. அந்த ஆள் கடைசியாகத் திட்டிய திட்டு இருக்கும். 'உனக்கெல்லாம் கை எதுக்கு?' 'போலீசுக்குப் போவேன்.' 'பெரிய மனுஷன் செய்யற வேலையா இது?' புதிதாகத் திட்டினால் பழையதன் மேல் புதுச் சீட்டு. இதென்ன கிறுக்குத்தனம் என்று ஒருநாள் கேட்டேன். "பேரு மறந்து பூடும். திட்டு மறக்காது" என்றார்.

ஈஸ்டர் போயிற்று. மாதா திருவிழாவும் போயிற்று. போன் பண்ணினேன். "ரெண்டே பல்லு பாக்கி" என்றார். போன மாசமும் அதே ரெண்டு பல்தான் பாக்கி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அண்ணே, நீ செத்தாதான் என் கிட்டார் என் வூட்டுக்கு வரும்" என்று கத்திவிட்டேன். அவர் சிரித்தார். "இரு, பேனா எடுக்கறேன்" என்றார். போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு ஒரு மாசம் நான் கூப்பிடவே இல்லை. அடுத்து வந்தது அந்த போன்தான். மாரடைப்பு என்றார்கள்.

முப்பதாம் நாள் பூசையில் நான் வாசிக்க வேண்டும் என்று அவர் மனைவி பிலோமினா அண்ணி கேட்டார். எனக்கிருப்பது அந்த ஒரு கிட்டார்தான். திருபுவனைக்குப் போனேன். அண்ணி ஒரு தட்டு நிறையப் பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்து, "இதுல உன்னுது எதும்மா?" என்றார். தெரியலையே அண்ணி என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார். அந்த மனுஷன் அதை எழுதாமல் விட்டிருக்க வேண்டுமே என்று ஒவ்வொரு பாட்டிலுக்கும் வேண்டிக்கொண்டேன். ஒன்பதாவதில் அண்ணியின் குரல் நின்றது. அதை அவர் படிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"எடுத்துக்கோ. அதான் வந்துடுச்சே" என்றார்.

உள்ளே ஆறு சக்கரங்களும் இருந்தன. ஒரு பல் பாக்கியில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. முடித்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று கேட்டேன்.

"அவரு போறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முடிச்சிட்டாரும்மா. நீ போன் பண்ணுவேன்னு பாத்துனே இருந்தாரு. அவரா சொல்லிட்டா நீ திட்டமாட்டியாம்."

அண்ணி திருப்புளியை எடுத்துத் தர, சக்கரங்களை நானே பொருத்தினேன். பூசையில் வாசித்தேன். சுருதி இம்மியும் இறங்கவில்லை. ஆனாலும் பாட்டுக்குப் பாட்டு என் கை மூன்றாவது சாவி வரைக்கும் போய்ப் போய்த் திரும்பியது.

அந்தப் பாட்டிலை நான் வைத்துக்கொண்டேன். கிட்டார் பெட்டிக்குள் இருக்கிறது. சீட்டைக் கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், முடியவில்லை. பேச்சு என்னுடையது, கையெழுத்து அவருடையது.

ஒரு போன் பண்ணியிருக்கலாம் அண்ணே. நானும்தான்.