என் தட்டில் முதல் துண்டு

மகன் சாப்பிட மறுப்பது வீம்பு இல்லை, மனச்சிதைவு நோய் என்றார் கள்ளக்குறிச்சி டாக்டர். "சோத்துல விஷம்னு சொல்றான்ல, அவனுக்கு அது நெஜம்தாம்மா." எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

மகனோடு வெளியே வந்தால், தள்ளுவண்டியில் மரவள்ளிக் கிழங்கு வேகும் மணம். நான் பிறந்து வளர்ந்த கரியாலூர் வீட்டு அடுப்பு கண்முன் வந்துவிட்டது.

அம்மா கிழங்கை வடித்து என் தட்டில் போட்டதும், அவள் தம்பி, என் மாமா, பாய்ந்து வருவார். "இரு பாப்பா, விஷம் வெச்சிருக்காங்க. நான் துன்னு பாக்கறேன்." பெரிய துண்டாகப் பிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். கிழங்கில் ஆவி அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பார். அப்புறம்தான், "ம், துன்னு."

"கொழந்த பங்கப் புடுங்கித் துன்ன இன்னா சாக்கு சொல்றான் பாரு!" என்று அம்மா கத்துவாள். எனக்கு அழுகையாக வரும். மாமாவுக்கு மந்திரித்துக் கயிறு கட்டினார்களே தவிர, டாக்டரிடம் யாரும் காட்டவில்லை. நானும் அவரைத் தீனிப்பண்டாரம் என்றே நினைத்து வளர்ந்தேன்.

கிழங்கு வாங்கி வாயருகே கொண்டுபோனேன். மகன் என் கையைப் பிடித்தான்.

"இரும்மா. மொதல்ல நான்."

கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

அவனுக்கு அது நெஜம் என்றாரே டாக்டர். அப்படியென்றால், மாமா தினமும் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்றது எதை?