பொம்பளைங்க பக்கத்து ஜம்பர்

எனக்கு இடது வலது சட்டென்று பிடிபடாது. சோறு தின்கிற கை எது என்று ஒரு தரம் மனசுக்குள் பிசைந்து பார்த்துத்தான் சொல்வேன். ஆட்டோவில் உட்கார்ந்து "லெஃப்டுல திருப்புங்க" என்று சொல்லிவிட்டு ரைட்டில் கை நீட்டுகிற ஆள் நான். இந்த லட்சணத்தோடுதான் போன வருஷம் ஒரு பழைய கம்ப்யூட்டருக்குப் புது மதர்போர்டு மாட்ட உட்கார்ந்தேன்.

எங்களுக்குக் கல்யாணமான புதிதில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. அப்போது நானும் என் வீட்டுக்காரரும் திண்டிவனத்தில் டிடிபி கடை வைத்திருந்தோம். கல்யாணப் பத்திரிகை, கருமாதி கார்டு, திருவிழா நோட்டீஸ் எல்லாம் அதில்தான் அடித்தோம். வேலை இல்லாத மத்தியானங்களில் அவர் கோயில் பாட்டு எழுதுவார். மாதா பாட்டு, அறுவடைப் பாட்டு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது பாடுகிற பாட்டு என்று நாற்பதுக்குக் குறையாது. அனந்தபுரம் பக்கத்துக் கிராமங்களில் சிலதை இன்னும் பாடுகிறார்கள், பாதி வரியை மறந்துவிட்டு.

கடையை மூடி விழுப்புரத்துக்கு வந்தபோது பாட்டெல்லாம் அந்த டிஸ்கிலேயே தங்கிவிட்டது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்தை வேறு மெஷினில் திறந்தால் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது. பழைய மெஷினோ, போர்டிலிருந்த பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்துச் செத்துப்போயிருந்தது.

பாட்டு கிடக்கட்டும். எனக்குக் கவலையெல்லாம் அவரைப் பற்றித்தான். இருபது வருஷமாக எங்கள் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு பைபிள் வாசகம் வாசித்தவர் அவர். புத்தகத்தில் எழுத்து சின்னதாக இருக்கிறதென்று ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொண்டு போவார். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுங்குகிறது. ஒரு ஞாயிறு அந்தத் தாள் நடுங்கிய சரசரப்பு மைக்கில் கோயில் முழுக்கக் கேட்டது. அன்றோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் விட்டார். சும்மா உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்கிற அவரை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பழைய மாடல் போர்டையே புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்று பெங்களூரிலிருக்கும் மகள் கண்டுபிடித்து அனுப்பிவைத்தாள். பெட்டியைப் பிரித்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது.

போர்டில் அங்கங்கே மூன்று மூன்று ஊசிகளாக நட்டிருக்கும். நடு ஊசியோடு இந்தப் பக்கத்து ஊசியையோ அந்தப் பக்கத்து ஊசியையோ சேர்த்து அரிசி அளவில் ஒரு பிளாஸ்டிக் மூடி மாட்ட வேண்டும். அதுதான் ஜம்பர். பழைய போர்டிலிருந்து கழற்றி மாட்டுகிற சிப்புக்கு எத்தனை வோல்ட், எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கடை நாட்களில் இதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே செய்துவிடுவார். இப்போது அவர் தாளைப் பார்த்துச் சொல்ல, புருவம் திருத்துகிற பிளக்கரால் நான் மாட்டினேன்.

"முதல் ஜம்பர், லெஃப்டு."

மாட்டினேன்.

"லெஃப்டுன்னேன்டி."

"லெஃப்டுலதாங்க போட்டுக்கினு இருக்கேன்."

"பேஜாருடி உன்னோட. சரி, நம்ம கோயில நெனச்சிக்கோ. பொம்பளைங்க பக்கம் எது, ஆம்பளைங்க பக்கம் எதுன்னாவது தெரியுமா?"

"இத்தினி வருசமா அங்கதான் உக்காந்துக்கினு இருக்கேன். அதுகூடவா தெரியாது?"

எங்கள் கோயிலில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். அதற்கப்புறம் வேலை மளமளவென்று நடந்தது. அவர் தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் "பொம்பளைங்க பக்கம்" என்பார், மாட்டுவேன். "ஆம்பளைங்க பக்கம்" என்பார், மாட்டுவேன். ஒரு ஜம்பர் துள்ளி, தின்று போட்டிருந்த அவித்த மல்லாட்டைக் கடலைத் தோலுக்குள் விழுந்து, தேடி எடுத்தோம். கரண்டு வருகிற இரண்டு கனெக்டரையும் கறுப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் நடுவில் ஒட்டி நிற்கும்படி சொருகினேன். மாற்றிச் சொருகினால் போர்டு போய்விடும் என்று நாலு தரம் சொன்னார். டிஸ்க் ஒயரின் சிவப்பு ஓரத்தை ஒன்றாம் நம்பர் ஊசிக்கு நேராக வைத்து அழுத்தினேன்.

ஸ்விட்ச் போட்டோம். ஃபேன் சுற்றியது. அவ்வளவுதான். சத்தமும் இல்லை, திரையில் ஒரு எழுத்தும் இல்லை. மூன்று தரம் அவர் தாளை வாசிக்க, நான் சரிபார்த்தேன். எல்லாம் சொன்ன பக்கத்தில்தான் இருந்தன.

"மூடி வைடி. அதுக்கும் எனக்கும் ஒண்ணாவே முடிஞ்சிப் போச்சி" என்றார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம். "அதுக்கு முடிஞ்சா முடியட்டும். உங்கள ஏன் கூட சேக்கிறீங்க?" என்று கத்திவிட்டு, சமையலறையில் போய் நின்று அழுதேன்.

அடுத்த ஞாயிறு பூசையில் ஒரு டீச்சரம்மா வாசகம் வாசித்தார். எங்கள் பக்கம் ஒரு குழந்தை வீல் என்று கத்த, டீச்சரம்மா வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் மடியில் கையைப் பிசைந்து பார்த்தேன். அந்தம்மா தன் சோற்றுக் கைப் பக்கம் திரும்பியிருந்தார். நான் உட்கார்ந்திருந்ததோ கோயிலுக்குள் நுழைந்தால் பீச்சாங்கைப் பக்கம். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் அவரை வாசக மேடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏறி நில்லுங்க."

"இன்னாத்துக்குடி?"

"ஜல்தி ஏறுங்கன்றேன்."

தயங்கி ஏறினார். இரண்டு கையாலும் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நான் என் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பொம்பளைங்க பக்கம் எது? கைய நீட்டுங்க."

வலது கையை நீட்டினார். நான் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிஷம் இரண்டு கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிப்பாவி! இருவது வருசமா இங்கேருந்தே பாத்த பழக்கம்டி" என்று சொல்லி வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

தாளில் லெஃப்டு என்று இருந்ததையெல்லாம் அவர் ஆம்பளைங்க பக்கம் என்றிருக்கிறார், நான் ரைட்டில் மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வந்து ஆறு ஜம்பரையும் பக்கம் மாற்றினேன். எங்கள் பழைய சிப்புக்கு ஐந்து வோல்ட் வேண்டும். நாங்கள் அதைக் குறைவான பக்கத்தில் வைத்துப் பட்டினி போட்டிருந்தோம். நல்லவேளை, அதிகமாகக் கொடுத்திருந்தால் வெந்திருக்கும். ஸ்விட்ச் போட்டதும் 'பீப்' என்றது. அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பாட்டெல்லாம் இருந்தது. அறுவடைப் பாட்டைத் திறந்து, மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தமாக முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. முடித்துவிட்டு அவரே ஆச்சரியமாக என்னைப் பார்த்தார்.

"கையில தாளு இல்லன்னா நல்லாத்தான் வருது, இல்ல?"

"தாள நான் புடிச்சிக்கினு நிக்கிறேன். நீங்க வாசிங்க" என்றேன்.

சனிக்கிழமை கோயில் சாமியாரிடம் போய், மறுநாள் தானே வாசிப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அவர் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவருக்கு வலது கைப் பக்கம், அவர் கணக்கில் பொம்பளைங்க பக்கம், தாளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மைக்கில் அவர் குரல் மட்டும்தான் கேட்டது.