காதில் பஞ்சு வைத்தவர்

எங்கெங்கோ அலைந்துவிட்டு, முந்தல் என்ற ஊரில் ஒரு கல்யாண இசைக்குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி தூக்க வந்த புதிதில் அந்தக் காப்புறுதி முகவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் வெளிறிய சட்டை, கையில் ஹெல்மெட், இரண்டு காதிலும் பஞ்சு. இசைக்குழுக்களையே தேடித் திரிகிறவருக்குப் பாட்டுச் சத்தம் ஆகாது. ஒவ்வொரு பெட்டியையும் விரலால் தட்டிப் பார்த்துத்தான் பதிந்துகொள்வார்.

அன்று வாத்தியங்களுக்கும் வாசிப்பவர்களுக்கும் காப்புறுதி எழுதி முடித்தார்.

“நானா, என்ட தொண்டைக்கும் ஒண்டு போடுங்களேன்,” என்றார் பாடகர். முஸ்லிம் அண்ணன்மாரை அங்கே ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“பஞ்சையும் தாண்டிக் கேட்டிச்சு. அது ஏற்கெனவே சேதம்,” என்றார் முகவர், சிரிக்காமல்.

பெட்டி விழுந்து நசுங்கிய என் கால்விரலைக் காட்டினேன். “எனக்கு, நானா?”

“தூக்குற ஆளுக்கு இதுல இடமில்ல தம்பி. வாசிக்கிற ஆளுக்குத்தான்.”

என் காலையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையில் கிடந்த டம்பரினை எடுத்து என் கையில் தந்துவிட்டு, ஒரு காதுப் பஞ்சை எடுத்தார்.

“குலுக்குங்க.”

குலுக்கினேன். தாளமே இல்லை.

“ஓம், கேட்டன். வாசிக்கிறீங்க,” என்று என் பெயரையும் எழுதினார். பஞ்சைத் திரும்பச் செருகிக்கொண்டு புறப்பட்டார்.

பிறகு அவரைக் காணவில்லை. இப்போதும், பெட்டி இறக்கி இடுப்பு விட்டுப்போன பிறகும், ஒரு பாட்டுக்காவது மேடை ஓரத்தில் நின்று அந்த டம்பரினைக் குலுக்குகிறேன். அந்த மனிதர் எழுதியது பொய்யாகிவிடக் கூடாது.