நபீசா அக்கா கூட்டிச் சொன்ன வயது

நபீசா அக்காவுக்குப் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. புருஷன் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன் பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனவர், அஃப்ஷீன் என்ற சிறுமியைக் கூட்டிக்கொண்டு திரும்பினார். பர்மாவில் ஊரைக் கொளுத்தியபோது தப்பி வந்த பிள்ளை. அழைத்து வந்த மாமனும் காய்ச்சலில் போய்விட்டான். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டு.

உழவர்கரையில் என் ஜெராக்ஸ் கடைக்கு அடுத்த சந்தில்தான் அவர்கள் வீடு. எங்கள் வம்சத்திலேயே டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். மனு எழுத வேண்டுமென்றால் தெருவே என்னிடம்தான் வரும். போன வருஷம் அக்கா அவளோடு வந்தார்.

"தம்பி, இதுக்கும் கம்பெனில எடம் சொல்லியிருக்கேன். வயசுக்கு ஒரு பேப்பர் கேக்கறாங்க."

"என்ன வயசுக்கா?"

"பதினஞ்சு. நீ பத்தொன்பதுன்னு போடு. பதினெட்டு ஆவலன்னா கேட்டுலயே நிறுத்திடுவான்."

"பாத்தா பத்தொன்பது மாதிரியா இருக்குது?"

"ஒன்னப் பாத்தா பி.ஏ. மாதிரியா இருக்குது? எழுதுப்பா."

அஃப்ஷீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் ஆதார் இல்லையென்று சேர்க்கவில்லை. அக்கா வேலைக்குப் போனால் பிள்ளை வீட்டில் தனியாக இருக்கும். "என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றார். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை. எங்கள் பக்கம் வயது தேவைக்குத் தகுந்தபடி ஏறும், இறங்கும். என் அம்மாவின் முதியோர் பென்ஷனுக்கு ஏழு வயது கூட்டியதும் நான்தான். நல்ல இங்கிலீஷில் உறுதிமொழிப் பத்திரம் அடித்து, நோட்டரி முத்திரையும் வாங்கிக் கொடுத்தேன்.

இந்தத் தை மாதம் கம்பெனியில் ஆட்களின் அடையாள அட்டைகளைச் சோதித்தார்கள். நாட்டில் தங்க அனுமதி இல்லாத வெளிநாட்டவர் என்று அஃப்ஷீனைப் போலீஸ் அழைத்துப் போனது.

பதினெட்டு நிறையாத பிள்ளையை ஜெயிலில் வைக்கக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தி, இல்லத்தில் வைத்துப் படிக்கவைக்க வேண்டும். இந்தச் சட்டத்தை நான் அதற்குப் பிறகுதான் படித்தேன்.

விசாரணையில் அக்கா கைகூப்பி நின்றார். "வயசக் கூட்டிச் சொன்னது நாந்தாங்க. அது கொழந்தைங்க."

"அப்பச் சொன்னது பொய்யா, இப்பச் சொல்றது பொய்யாம்மா?" என்று கேட்டார் அதிகாரி.

"அப்பச் சொன்னதுதாங்க."

"பொறந்த சர்டிபிகேட் இருக்குதா?"

"ஊரே எரிஞ்சிபோச்சுங்க."

எலும்பைப் படம் எடுத்துப் பார்த்ததில் பதினேழும் இருக்கலாம், பத்தொன்பதும் இருக்கலாம் என்று வந்தது. சந்தேகம் இருந்தால் பிள்ளைக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று வக்கீல் ஹரிகிருஷ்ணன் வாதாடினார். சந்தேகம் எங்கே இருக்கிறது, பத்தொன்பது என்று பத்திரமே இருக்கிறதே என்று முடித்துவிட்டார்கள். பெரியவர்களை அடைத்துவைக்கும் வெளிநாட்டவர் முகாமுக்கு அவளை அனுப்பினார்கள். அது வேறு மாநிலத்தில் இருக்கிறது. ரத்த உறவு இல்லையென்று அவளைப் பார்க்க அக்காவை விடுவதில்லை.

மேல்முறையீடு போட்டிருக்கிறோம். முடிய மூன்று வருஷம் ஆகும் என்கிறார் வக்கீல்.

போன வாரம் அக்கா கடைக்கு வந்தார். கம்பெனியிலிருந்து அவரையும் நிறுத்திவிட்டார்கள்.

"மூணு வருசம் கழிச்சி அது கொழந்தன்னு தீர்ப்பு வந்தா, அத வெச்சி இன்னா பண்றது தம்பி?"

நான் மிஷினில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"நான் படிக்காதவ, சொல்லிட்டேன்" என்றார். "நீயாவது முடியாதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"